மூன்றாவது குப்பி

மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் கடிதத்தாளுடன் நான், வாசலோர நாற்காலியில் மாமா. டாக்டர் சொன்னதால் மாமா ஒரு மாதமாகக் காலையில் ஓடுகிறார். நடுவில் மூன்று குப்பிகள். இரண்டில் அக்கா அளந்து கலந்த உப்புநீர். மூன்றாவதில் மாமா இன்று கொண்டுவந்த வியர்வை.

உப்பின் அளவைக் காட்ட, ஆஸ்பத்திரிக்காகத் தானே உருவாக்கிய காகிதப் பட்டைகளை அக்கா நனைத்தாள். முதலிரண்டும் கணக்காகச் சிவந்தன. மூன்றாவது வெள்ளையாகவே இருந்தது.

"வேர்வையில உப்பே இல்லையாம்! ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. பட்டை தேறலைன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதுடா."

எழுதினேன். மாமா நெளிந்தார்.

"அவசரப்படாதே. பட்டை சரியாத்தான் சொல்லுது."

"ஆறுதல் சொல்றீங்களாக்கும்!"

"இல்லம்மா. அது... பேக்கரி ஏசியில சொட்டின தண்ணி. நான் தினமும் ஓடறது அந்த வாசல் வரைக்கும்தான்."

அக்கா முறைத்தாள். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"தொப்பை ஏன் குறையலைன்னு இப்பத்தானே தெரியுது!"

நான் கடிதத்தைக் கிழித்துவிட்டு, 'பட்டையில் பிழையில்லை. வியர்வை வரத்தான் சற்றுத் தாமதம்' என்று புதிதாக எழுதி உறையை ஒட்டினேன்.

அக்கா அதை மாமாவிடம் நீட்டினாள், கூடவே ஒரு காலிக் குப்பியையும்.

"தபாலாபீசுக்கு ஓடியே போயிட்டு வாங்க. வரும்போது இது நிறைஞ்சிருக்கணும்."