இரண்டாம் பூச்சு

மாலை வெயில் தோட்டத்து வேலியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. கரையான் ஏறிய மர வேலிக்கால்களுக்கு மணவாளன் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறான். மேலே பட்டால் தோல் வெந்துபோகும் என்று முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறான். கடைசி வேலிக்காலில் முல்லைக்கொடி அடர்ந்து சுற்றியிருக்கிறது. "வெட்டிட்டுப் பூசிடலாம்க்கா. மழ பேஞ்சா தானா தழைஞ்சிடும்" என்கிறான். "அவுரு வெச்ச கொடிடா. நான் புடிச்சிக்கிறேன், நீ பூசு. காயுற வரைக்கும் கொய்யாக் கெளையில கட்டிக்கலாம்" என்கிறாள் அவன் அக்கா அமிர்தம். புருஷன் இறந்த நாளிலிருந்து அவள் தலையில் பூ ஏறியதில்லை. கொடியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, ஈரக் கோணியில் பொதிந்து, தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். "தள்ளி நில்லுக்கா. ஒரு சொட்டு தெறிச்சாலும் எல கருகிடும்." தெருமுனைப் பஞ்சாயத்து ரேடியோவில் நாகஸ்வரம் தொடங்குகிறது. கோணிக்கு வெளியே நீண்ட கொடி நுனியில் மொட்டுகள் மெல்ல விரிகின்றன. காற்றில் அந்த நுனி அசைந்து அவள் கொண்டையைத் தொட்டு, அங்கேயே படிந்துகொள்கிறது. அமிர்தம் அதை எடுக்கக் கையை உயர்த்துகிறாள். பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறாள். மணவாளன் பார்க்கிறான். கடைசி வேலிக்காலும் முடிந்துவிட்டது. "ஆச்சாடா?" என்கிறாள், கண்ணைத் திறக்காமல். "இன்னும் இல்லக்கா" என்று சொல்லிவிட்டு, துணி சுற்றிய குச்சியை எண்ணெயில் முக்கி, பூசிய வேலிக்காலையே மறுபடி அடியிலிருந்து பூசத் தொடங்குகிறான்.