மூன்று கிலோ கழிவுத் துணி

கல்யாணப் பெண் கண்ணெதிரிலேயே கல்யாண கவுனை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தையல் கூடத்தில் ஒரு மிஷின்கூட ஓடவில்லை.

கல்யாணப் பெண் எங்கள் ரொவேனா. வெட்டப் போகிறவர் சுங்க அதிகாரி ஓம்பாட் மேடம்.

மக்தான் தீவின் ஏற்றுமதி மண்டலத்தில் எங்கள் கம்பெனி தைப்பதெல்லாம் கல்யாண கவுன்தான். அத்தனையும் கப்பலேறிப் போய்விடும். பதினான்கு வருஷமாக ஊர் உலகத்துப் பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்த ரொவேனாவுக்கு, முப்பத்தாறு வயதில் ஒரு படகோட்டி மாப்பிள்ளையாக அமைந்தார். சனிக்கிழமை கல்யாணம். தான் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குள் நடக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

அதிர்ஷ்டமும் அடித்தது. மணிகளின் நிறம் லேசாக மாறிவிட்டது என்று அவள் தைத்த ஒரு கவுனைக் கழித்துக் கட்டினார்கள். அளவுகூட அவளுக்கே எடுத்தது போல இருந்தது. எடுத்துக்கொள்ளட்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

ஆனால் துணி வரியில்லாமல் வந்த துணி. மண்டலத்துக்குள் இருக்கிறவரை எங்கள் கூடம் வெளிநாடு மாதிரி. வாசலைத் தாண்டினால் அது இறக்குமதி. வரி, மனு, முத்திரை என்று ஒரு மாதமாவது ஆகும். கழித்த சரக்கு சீக்கிரம் வெளியே போக வேண்டுமானால் ஒரே வழிதான். அதிகாரி முன்னால் துண்டு துண்டாக வெட்டி, கழிவு என்று சீட்டு வாங்க வேண்டும்.

நான்தான் போய்க் கெஞ்சினேன். ஓம்பாட் மேடம் எப்படிப்பட்டவர் என்று தெரிந்தும் போனேன். ஒரு தடவை என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சோற்றுக்குள் விழுந்து கிடந்த ஒற்றைப் பித்தானை எடுத்துப் பதிவேட்டில் எழுதினவர் அவர்.

“ஒரே ஒரு நாள் மேடம். போட்டுட்டுத் திரும்பக் கொண்டாந்துடுவா.”

“ஒரு நாளுன்னு சட்டத்துல எங்க இருக்கு?” அவர் தலையே நிமிரவில்லை. “நாளைக்குக் காலையில வரேன். நானே வெட்டறேன்.”

வியாழக்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு வந்தார். கட்டிங் மாஸ்டர் பெரிய கத்தரிக்கோலை நீட்டினார், நாலு வெட்டில் கதை முடிந்துவிடும் என்று. மேடம் அதைத் தள்ளிவிட்டு, என் மேஜையிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டார். கவுனை மடியில் போட்டுக்கொண்டு வெட்டினார், வெட்டினார், முக்கால் மணி நேரம் வெட்டினார்.

“கொல்றதையும் நிதானமா கொல்லுது பாரு” என்று பக்கத்து மிஷின் ஜோவிதா பல்லைக் கடித்தாள்.

எங்களால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ரொவேனா எழுந்து கழிவறைக்குள் போனவள் வெளியே வரவேயில்லை.

துண்டுகளைச் சாக்கில் அடைத்து எடை போட்டார்கள். ‘கழிவுத் துணி, மூன்று கிலோ’ என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார் மேடம். முக்காட்டுக்காவது ஒரு முழம் தேறாதா என்று அந்தச் சாக்கை ரொவேனா வீட்டுக்குத் தூக்கிப் போனோம்.

கட்டிலில் கொட்டினோம்.

முன்பக்கம் முழுசாக இருந்தது. முதுகும் முழுசு. கை இரண்டும், பாவாடையின் எட்டுத் துண்டும் அப்படியே முழுசு. ஒரு மணி உதிரவில்லை, லேஸில் ஒரு கீறல் இல்லை. வெட்டு எல்லாம் தையல் நூலின் மேலேயே விழுந்திருந்தது.

முதலில் சிரித்தவள் ரொவேனா. அப்புறம் வீடே சிரித்தது.

“கடுமையா வெட்டறதா நெனப்பு. துணிய வெட்டினா கை வலிக்கும்னு நூல் மேலயே ஓட்டியிருக்கு” என்றாள் ஜோவிதா. “தையல் தெரியாத பொம்பளை அதிகாரியா வந்தா நமக்குத்தான் லாபம்.”

ஆறு பேர் முறை வைத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தோம். ரொவேனாவை ஊசியைத் தொடவிடவில்லை. பச்சை மாங்காயை நறுக்கி ஆளுக்கொரு துண்டாக எங்கள் வாயில் ஊட்டுவதுதான் அவள் வேலை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கவுன் எழுந்து நின்றுவிட்டது. கழிவு மறுபடி கவுனானது தெரிந்தால் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில், யாரும் போனில் படம் எடுக்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டோம்.

சனிக்கிழமை ரொவேனா நடந்து வந்த அழகைப் பார்த்து மாப்பிள்ளை வாயை மூட மறந்துவிட்டார். பார்த்த எங்களுக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. ஊரான் வீட்டுப் பெண்களுக்கே போன அழகு, முதல் தடவையாக எங்கள் தெருவுக்கு வந்திருந்தது.

பூசை முடிந்து சர்ச் வாசலில் அரிசி தூவிக்கொண்டிருந்தபோது, சீருடை இல்லாமல் பூப்போட்ட கவுனில், கையில் பலகாரத் தட்டோடு ஒரு பெண்மணி வருவதைப் பார்த்தேன். ஓம்பாட் மேடம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஆறு பேரும் ஓடிப்போய் ரொவேனாவைச் சுற்றி மறைத்து நின்றோம். மேடம் தட்டை என் கையில் திணித்துவிட்டு, எங்களை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனார்.

“மேடம், இது வேற கவுன்” என்றாள் ரொவேனா.

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ரொவேனாவின் வலது கையைத் தூக்கி, இடுப்பிலிருந்து மேல்நோக்கித் தையலின் மேல் ஒரு விரலை மெதுவாக ஓட்டினார். அந்தப் பக்கம் தைத்தது ஜோவிதா. அவள் கண்ணை மூடி ஜபம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

விரல் அக்குளில் வந்து நின்றது. மேடம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“இங்க ஏன் கோணலா தெச்சிருக்கீங்க? நான் நேராத்தானே பிரிச்சுக் குடுத்தேன்.”