மேற்குக் கம்பம் கேட்ட கோல்

நகராட்சிக் கால்பந்து மைதானத்தின் மேற்குக் கோல்கம்பத்துக்கு ஒரே ஓர் ஆசைதான். தன் வலைக்குள் ஒரு கோலாவது விழ வேண்டும்.

ஊருக்கே பொதுவான மைதானம் அது. மேற்குப் பாதியில் நடப்பவர்கள் நடந்தார்கள், ஸ்கூட்டர் பழகுபவர்கள் பழகினார்கள். அதனால் பந்தாட்டம் எப்போதும் கிழக்குப் பாதியில்தான்.

"ஒரு தடவை இந்தப் பக்கம் வந்துட்டுப் போயேன்," என்று கம்பம் பந்திடம் கெஞ்சும்.

"வந்து? உன்மேல காயுற சட்டைக்குக் காவல் இருக்கவா?" என்று பந்து கேலி செய்யும்.

ஒரு மாலை, பெண்கள் அணியில் ஆடும் ஜெசிந்தா கைக்குழந்தையோடு வந்தாள். மேற்குக் கம்பத்தில் சேலையால் தூளி கட்டிக் குழந்தையைத் தூங்கவைத்தாள். "அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க," என்று நடக்க வந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு ஆடப் போனாள்.

சற்று நேரத்தில், யாரோ ஓங்கி உதைத்த பந்து எல்லாரையும் தாண்டிப் பறந்து வந்தது.

"கம்பமே, இந்தா உன் கோல்," என்று வரும்போதே கத்தியது.

கம்பத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம்தான் கவனித்தது, பந்து வரும் வழியில், தன் இடது காலை ஒட்டித் தூளி தொங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா எழுந்து ஓடி வருவதற்குள் கம்பம் தன் இடது காலை ஒரு விரல் அளவு உள்ளே சாய்த்தது. பந்து அதில் மோதித் திரும்பியது. அந்த அதிர்வில் தூளி லேசாக ஆடியது. சிணுங்கத் தொடங்கிய குழந்தை மறுபடியும் கண்ணை மூடியது.

"எவ்வளவு நாளாக் கேட்ட கோல். நீயே தடுத்துட்டியே," என்றது பந்து.

"மெதுவாப் பேசு," என்றது கம்பம். "இப்பத்தான் தூங்குது."