பாக்கெட்டில் இருந்த சிறுமி

ரஸ்க் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிறுமியைக் காணவில்லை.

"டிசைன மாத்திட்டாங்கக்கா. சரக்கு அதேதான்," என்றார் ஓசூர்க் கடைக்காரர்.

ரெட்டை ஜடையும் முன்பல் விழுந்த சிரிப்புமாக அந்தப் பாக்கெட்டில் இருந்தது அவள்தான். அவருக்கு அது தெரியாது.

சாத்தூரில் அப்பா ஒற்றை அடுப்போடு பேக்கரி தொடங்கியபோது, படம் வரைய ஆள் வைக்க வசதியில்லை. மகளை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். பல் முளைக்கட்டும் என்றாள் அம்மா. இதுதான் அழகு என்றார் அப்பா.

ரஸ்க், காராச்சேவு, பட்டர் பிஸ்கட், எல்லாவற்றிலும் அவள் முகம்.

பேக்கரி ஃபாக்டரியாக வளர்ந்தது.

கம்பெனி வேன் ஓட்டிய இருதயராஜைக் கட்டிக்கொண்டு அவள் ஊரைவிட்டு வந்தாள். எனக்கு மகளே கிடையாது என்று சொல்லிவிட்டார் அப்பா. வீட்டுச் சுவரில் இருந்த அவள் படங்களையெல்லாம் இறக்கிவிட்டதாகக் கேள்வி.

பாக்கெட்டில் மட்டும் அவள் இருந்தாள்.

வியாபாரம், என்று நினைத்துக்கொள்வாள். அந்த முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே.

இப்போது அதையும் எடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டீக்குத் தண்ணீர் வைத்தாள். மனசு ஆறவில்லை. பாக்கெட்டின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். படத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

போனை எடுத்த பெண்ணுக்குச் சின்ன வயதுபோல.

"நிறையப் பேரு கேக்குறாங்க மேடம். எம்.டி. ரொம்ப நாளாவே மாத்தணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. பெரியவருதான், நான் இருக்கறவரைக்கும் அதுல கை வைக்கக் கூடாதுன்னுட்டாராம்."

எம்.டி. என்றால் அவள் அண்ணன்.

"இப்ப?"

"பெரியவரு தை மாசம் தவறிட்டாருங்களே."

மாசியில் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தாள். பழைய பாக்கெட். சிறுமி அதில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இவள் ரஸ்க்கை டீயில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஹலோ. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா மேடம்?"

"தெரியும்," என்றாள்.

போனை வைத்தாள். தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள்.

குளியலறைக்குள் போனாள். கட்டிய சேலையோடு கீழே உட்கார்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.