குடை கேமராவுக்கு

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள் ஆறு பேர். சம்பந்தி, அவர் மனைவி, அவர் மைத்துனர், அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எங்கள் மூத்த பெண், படம் எடுக்கப் போன இளைய பெண், அந்த இரு பெண்களின் அப்பாவான என் தம்பி. ஏழாவதாக ஒருவர் நின்று பார்த்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

“ஏங்க, சும்மாதானே நிக்கிறீங்க? அந்தக் குடையைப் பிடிங்க,” என்றார் சம்பந்தி, என் தம்பியைப் பார்த்து.

“உங்களுக்கா?”

“எனக்கெதுக்கு? கேமராவுக்குப் பிடிங்க. அது சூடாகி நின்னுட்டா என் படம் என்னாகிறது?”

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் குடை பிடித்ததில்லை. என் தம்பி அந்தப் பெரிய வெள்ளைக் குடையின் கம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றார்.

சம்பந்தி அப்போதுதான் வியாபாரிகள் சங்கத் தலைவராகியிருந்தார். புது வீட்டின் முன்னால் தான் நிற்கும் படம் சங்கக் கட்டடத்தில் தொங்க வேண்டும், கூடவே வீடியோவும் வேண்டும் என்றார். மருமகளின் தங்கை எடுத்தால் கூலி கேட்க மாட்டாள் என்பது அவர் கணக்கு.

எதிரே ஐந்து மாடிக் கட்டடம். அதன் நிழல் உச்சிவேளையில் மட்டும்தான் வீட்டின் முகப்பை விட்டு விலகும். அதனால் சம்பந்தி நட்ட நடு வெயிலில், கருங்கல் பதித்த முற்றத்தில், வெறுங்காலோடு நின்றார். புதுக் கல்லில் செருப்புக் கால் படக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். கேமரா கேட்டுக்கு வெளியே, தெருவில் இருந்தது.

அதே கல்லில் போன கோடையில் என் தம்பி நின்றிருக்கிறார். மூத்தவள் காய்ச்சலில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனவர், செருப்பைக் கழற்றிவிட்டு, மாடியில் உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்துக் கும்பிட்டார். சம்பந்தி பார்த்தார். கையைத் தூக்கவில்லை. “ஐயா தூங்குறாங்க” என்று ஆள் வந்து சொன்னான். கால் கொப்பளித்துத் திரும்பிய என் தம்பி இதை யாரிடமும் சொல்லவில்லை. மூத்தவள் சொல்லித்தான் தெரியும். அந்த ஒரு வணக்கம் எங்களுக்கு வரவேண்டியிருந்தது.

“அசையாதீங்க மாமா,” என்றாள் இளையவள். வீடியோ ஓடியது. கொஞ்ச நேரத்தில், “ஐயையோ! கேமரா சூடாயிடுச்சு. திரையில தெர்மாமீட்டர் மின்னுது,” என்றாள்.

வீடியோவை நிறுத்தினாள். திரையைக் கேமராவின் உடம்பிலிருந்து விலக்கிக் காற்றுப் படும்படி திருப்பினாள். “அங்கேயே நில்லுங்க மாமா. நகர்ந்தா மறுபடி ஃபோகஸ் வைக்கணும். அதுக்குள்ள நிழல் வந்துடும்.”

சம்பந்தியின் மைத்துனர் எல்லாம் தெரிந்தவர். குதித்துக் குதித்துக் கேட்டுக்கு வந்தார். “ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வெச்சு எடும்மா!”

“வெளிய எடுத்ததும் லென்ஸுக்குள்ள வேர்த்துடும் மாமா. நிழல்ல தானா ஆறணும்.”

“யப்பா!” என்று கேட்டைத் தொட்ட கையை உதறிக்கொண்டு அவர் உள்ளே ஓடினார். இளையவளின் உள்ளங்கை கேமராவின் முதுகிலேயே இருந்தது.

சம்பந்தி ஒரு காலைத் தூக்கினார். அதை வைத்துவிட்டு மறு காலைத் தூக்கினார்.

“வாசல்ல டான்ஸ் ஆடாதீங்க, தெருவே பாக்குது,” என்றார் அவர் மனைவி நிழலில் நின்றபடி. “ஏம்மா, மாமாவுக்குத் தண்ணி குடு.”

“டம்ளர் படத்துல விழுந்துடும் அத்தை,” என்றாள் மூத்தவள்.

“ஆறிடுச்சாம்மா?” சம்பந்தியின் குரல் இறங்கியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் மாமா. பாவம், அதுக்கு வெயில் தாங்காது.”

“எனக்கு மட்டும் தாங்குமா?”

“நீங்க தலைவர் மாமா. இது வெறும் கறுப்புப் பெட்டிதானே, சட்டுனு சூடேறிடும்.”

பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. எதிர்க் கட்டடத்தின் நிழல் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. சம்பந்தி உடைந்துபோனார்.

“அம்மா தாயே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்! படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். என்னை விட்டுடு!”

வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே கூப்பிவிட்டார்.

என் தம்பி பதிலுக்குக் கும்பிடவில்லை. அவர் கைகள் இரண்டும் குடைக் கம்பில் இருந்தன.

“சரி மாமா, உள்ள போங்க,” என்று இளையவள் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள்.

அன்றைய வெயிலில் கேமரா படுத்துவிட்டது, ஒரு படமும் விழவில்லை என்று சம்பந்தி வீட்டார் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. குடைக்கடியில் இருந்த கேமரா சூடாகவே இல்லை. ஒரே ஒரு படம் விழுந்தது. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். “யாருங்க இது, இவ்ளோ பணிவா கும்பிடுறாரு?”

“சம்பந்திதான்,” என்பார் என் தம்பி. “போன கோடையில நான் வெச்ச வணக்கத்துக்குப் பதில் சொல்றாரு.”