பாகற்காய் பறித்த நாள்

"பாவக்காவா? வேணாம் ராஜாமணி, அத வுட்டுட்டு வேற எதனா பறி!"

சவரியம்மாள் சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினாள். பக்கத்து வீட்டு ராஜாமணி அதைக் காதில் வாங்கவில்லை. பிஞ்சாகவும் இல்லாமல் முற்றலாகவும் இல்லாமல் நாலு பாகற்காயைப் பார்த்துக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டாள். தானே புயலில் முருங்கை சாய்ந்துபோன இடத்தில் அவளே மூங்கில் நட்டுப் போட்ட பந்தல் அது.

"எல்லாத்தையும் செஞ்சி பாத்துட்டங்கா. இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள்.

சவரியம்மாள் மஞ்சக்குப்பத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் ராஜாமணியின் புருஷன் பொன்னுரங்கத்தின் குரல் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. மத்தியானம் ஒரு மணியானால் சுவரைத் தாண்டி வரும். கரகரத்த தொண்டையில் ஒரே வார்த்தை: "மண்ணு!" பிறகு தட்டைத் தள்ளும் சத்தம்.

அந்த மனுஷனுக்கு என்னதான் வேண்டுமோ! திங்கட்கிழமை தோட்டத்துப் புளிச்சகீரைக் கடையல். மறுநாள் செடியிலிருந்து அப்போதுதான் பறித்த பச்சை மிளகாயில் துவையல். நேற்று வெல்லம் போட்ட பரங்கிக்காய்ப் பச்சடி. ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் சுவர் தாண்டி சவரியம்மாளுக்கும் வந்தது. விரலால் வழித்துச் சாப்பிட்டாள். அப்படி ஒரு கைப்பக்குவம். அது அந்த ஆளுக்கு மண்!

தட்டு பறக்கும் வீட்டில் பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் சவரியம்மாள். அவள் புருஷன் முதலில் தட்டைத் தள்ளுவான், அப்புறம் வீசுவான், அப்புறம் கை ஓங்குவான். இன்றைக்குப் பாகற்காய் என்றதும் அவளுக்கு அதெல்லாம் ஞாபகம் வந்தது.

பன்னிரண்டரை மணிக்கு மனசு கேட்காமல் ராஜாமணியின் அடுப்படிக்கே போய்விட்டாள். வாணலியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவளுக்கு முகம் கோணியது.

"ஐயோ, வெஷமாட்டம் கசக்குதே! உப்பு போட்டுப் பிசறிப் புழியலியா? கொஞ்சம் வெல்லமாவது போடுடி!"

"வேணாங்கா. கசக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? இத வாயில வெச்சா அவுரு சும்மா வுடுவாரா?"

ராஜாமணி நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள். "உங்க மாதாவ வேண்டிக்கக்கா" என்றாள்.

பொன்னுரங்கம் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராஜாமணி சோறு போட்டு, ஓரத்தில் பொரியலை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சவரியம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, கைக்கு எட்டிய கரண்டியை இறுக்கிப் பிடித்தாள். கை ஓங்கினால் குறுக்கே போய் விழுந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். சட்டென்று மெல்லுவது நின்றது.

"ஏய்!" வீடே அதிர்ந்தது. "என்னாடி இது, கசக்குது!"

தண்ணீர்ச் செம்பு உருளும் சத்தம் கேட்டது. கூடவே ராஜாமணியின் அலறல்.

"அவ மேல கைய வெக்காதீங்க!" என்று கரண்டியோடு பாய்ந்து போன சவரியம்மாள், கூடத்து நடுவில் அப்படியே நின்றுவிட்டாள்.

பொன்னுரங்கம் மிச்சமிருந்த பொரியலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ராஜாமணி அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள்.

"கசக்குதாங்கா, அவுருக்குக் கசக்குதாம்! தொண்டையில புத்துநோய்னு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில கரண்டு வெச்சதுலேர்ந்து பத்து மாசமா அந்த நாக்குக்கு ஒரு ருசியும் தெரியலக்கா!"