கடைசிச் சக்கரம்

தம்பி தொபியாஸ் மலை இறக்கத்தில் லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனான். போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த வண்டியை அண்ணன் கபிரியேல் மெக்கானிக்கிடம் விடவில்லை. தானே ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பார்த்தார். பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயில் கசிவு இல்லை. மற்றச் சக்கரங்களிலும் பழுது இல்லை. ஸ்டேஷனில் மழையில் நின்றதில் கடைசிச் சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் துருவேறி இறுகிக் கிடந்தது. சுத்தியலால் சுற்றித் தட்டி, இளக்கி இழுத்தார். ஸ்பிரிங்கை நெம்பியதும் பிரேக் ஷூ இரண்டும் கையோடு வந்தன. அவற்றின் மேல் ஒட்டிய உராய்வுப் பட்டையான லைனிங் தேயாமல் தடிமனாக இருந்தது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை; அப்படியென்றால் அவன் அதை மிதிக்கவே இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை.

தொபியாஸின் மனைவி ரோஸ்லின் வந்து நின்றாள். கிளீனராக அவனோடு ஊர் ஊராக லாரியில் போனவள்.

“பிரேக்குதான் போச்சா, அத்தான்?”

“ஆமாம்மா. லைனிங் சுத்தமாத் தேஞ்சிருக்கு. அவன் மிதிச்சிருப்பான், பிடிச்சிருக்காது.”

அவள் குனிந்து ஒரு ஷூவை எடுத்தாள். கபிரியேலுக்குத் தடுக்கக் கை எழவில்லை. லைனிங்கின் மேல் கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்ல ஓட்டினாள். பிறகு அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“அத்தைகிட்டயும் இப்படியே சொல்லிருங்க.”

அவள் வீட்டுக்குள் போன பிறகும், அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் கபிரியேல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.